லாச்சி உடைந்தால் அலுமாரியை மாற்ற வேண்டுமா?

குசினியில் ஒரு லாச்சி உடைந்தால் முழு அலுமாரியையுமே மாற்றச் சொல்லும் வியாபாரம் பெருகிவிட்டது. தளபாடம் விற்பவர்களில் எம்மவர்களும் கணிசமாக இருப்பதால் இதனை இப்பத்தியில் எழுதுவது பொருத்தம்.

எங்கள் வீட்டு லாச்சியின் முன்பலகை கடந்த மாதம் கையோடு கழன்று வந்துவிட்டது. வாங்கி ஐந்து வருடம்கூட ஆகவில்லை. விற்ற கடையில் விசாரித்தால், அந்த மொடல் இப்போது வருவதில்லை, புதிய செட் பாருங்கள் என்கிறார்கள்.

விடயம் இதுதான். சிப்போர்ட் என்பது மரச்சீவலையும் பசையையும் சேர்த்து அழுத்திச் செய்வது. மேலே ஒட்டிய தாள் பளபளக்கும். ஆனால் வெட்டிய ஓரத்தால் ஈரம் புகுந்தால் பலகை ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஊதிய இடத்தில் ஸ்க்ரூ பிடிக்காது. திரும்பத் திரும்ப முறுக்கினால் ஓட்டை பெரிதாவதுதான் மிச்சம். ஓயாமல் தண்ணீர் புழங்கும் எங்கள் குசினிகளுக்கு இதைத்தான் விற்கிறோம். உம்மும்மா காலத்துப் பலாப்பலகை அலுமாரி இன்னும் எங்கள் வீட்டில் நிற்கிறது. (லாச்சி ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல், அலுமாரியும் குசினியும் போர்த்துக்கேயருடையவை. சொற்கள் உழைத்த அளவுக்குச் சிப்போர்ட் உழைக்கவில்லை.)

தெரிந்த ஓடாவியார் ஒருவர் அரை நாளில் வேலையை முடித்தார். பழைய ஓட்டைகளில் பசை தடவிய மரக்குச்சிகளை இறுக்கி, காய்ந்தபின் மெல்லிய துளையிட்டார். முன்மூலைகளின் உட்புறம் முக்கால் அங்குலச் சதுரக் கட்டைகளை ஒட்டி, ஸ்க்ரூ அசல் மரத்தில் இறங்கும்படி செய்தார். தொய்ந்திருந்த 3 மில்லிமீற்றர் ஹாட்போர்ட் அடிக்குப் பதிலாக 6 மில்லிமீற்றர் பிளைவூட். ரணர் மட்டும் பழைய சோனகத் தெருவில் 16 அங்குலச் சோடியாக வாங்கினேன். குண்டு வைத்த இவ்வகை ரணருக்கு லாச்சியின் இரு பக்கமும் அரை அங்குல இடைவெளி வேண்டும். குறைந்தால் இறுகும், கூடினால் கழன்று விழும்.

கவனியுங்கள், அந்த ரணருக்கு மொடல் கிடையாது. பெரும்பாலான லாச்சிகளுக்குப் பொருந்தும் சாமான் அது. அப்படியிருக்க, 'பாகம் இல்லை' என்று கடைக்காரர் ஏன் சொல்ல வேண்டும்? உதிரிப்பாகத்தில் காசு முடங்கும் என்பார்கள். நானும் வியாபாரிதான், அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். பத்துச் சோடி ரணரும் கொஞ்சம் பிணைச்சலும் வைத்திருப்பதால் எந்தக் கடையும் முடங்காது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவுக்கு ஏறியபோது எத்தனையோ வீடுகள் பழையதைத் திருத்தியே சமாளித்தன. அந்த நாட்களில் திருத்த உதவிய கடையை வாடிக்கையாளர் மறப்பாரா?

இன்னொன்று, பற்றுச்சீட்டில் 'பலகை அலுமாரி' என்று எழுதிச் சிப்போர்ட்டைக் கொடுப்பது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளின் தரம் பற்றிப் பொய் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. சட்டத்துக்குப் பயந்தாவது சிப்போர்ட்டைச் சிப்போர்ட் என்றே எழுதுங்கள்.

வாங்குபவர்களும் காசு கொடுக்குமுன் லாச்சியை முழுதாக வெளியே இழுத்து, கவிழ்த்து, அடிப்பலகையை விரலால் அழுத்திப் பாருங்கள். கவிழ்க்க விடாத கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.