சும்மா கிடக்கிற நிலம்

இந்த வாரம் எரிச்சல் வந்தது ஒரு நல்ல காரியத்தால். எங்கள் பகுதியில் கண்மாய்க்கரையை ஒட்டி ஒரு திடல் கிடக்கிறது. ஆவாரையும் காரையும் சூரையும் அங்கங்கே மண்டி, நடுவே செம்மண் தெரியும் மேடும் பள்ளமுமான இடம். பட்டா போட ஒருவர், லாரி நிறுத்த ஒருவர், குப்பை கொட்ட எல்லோரும் என்று பல வருடமாக அதன்மேல் ஊரின் கண். அதைக் காப்பாற்றக் குழு அமைத்திருக்கிறோம், வாருங்கள் என்று வாட்ஸப்பில் அழைப்பு வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர். தங்கமான மனிதர். திடலில் கட்டடக் கழிவைக் கொட்ட வந்த டிராக்டரை நடுரோட்டில் நின்று திருப்பி அனுப்பியவர். அவர் ஒரு வண்ணப் படத்தை மேஜையில் விரித்தார். சுற்றிலும் பேவர் பிளாக் நடைபாதை. நடுவில் கொரியன் புல். ஒரு மூலையில் மியாவாக்கி குறுங்காடு, மறு மூலையில் திறந்தவெளி ஜிம். வாசலில் ஊர்ப்பெயரோடு சிவப்பு இதயம் வைத்த செல்ஃபி மேடை. எல்லாவற்றுக்கும் மேலே ஹைமாஸ் விளக்கு. “இந்த முள்ளையெல்லாம் ஜேசிபி விட்டு ஒரே நாள்ல க்ளீன் பண்ணிரலாம் சார். அதுக்கப்புறம் எவனும் கை வைக்க முடியாது” என்றார்.

கை வைக்க அதற்கப்புறம் என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் செல்ஃபி மேடையில் ஊர்ப்பெயர் தமிழிலா ஆங்கிலத்திலா என்று பலத்த விவாதம் தொடங்கிவிட்டது.

பேவர் பிளாக் என்றதுமே இந்தப் பத்தியின் பழைய வாசகர்கள் “ஆரம்பிச்சுட்டாருய்யா” என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். போகட்டும். கோயில் பிராகாரத்தில் போட்டார்கள். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக்குச் சுற்றி வருகிறவர்கள் பூக்குழி இறங்கியவர்களைப் போலக் குதித்து ஓடுகிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் போட்டார்கள், கபடி போயிற்று. வேப்பமரத்தின் அடியை இறுக்கிப் போட்டார்கள். மரம் பட்டுப்போனதும் அதே இடத்தில் மரம் நடு விழா எடுத்தார்கள், மாலை மரியாதையோடு. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுக்கச் சொல்லி 2013இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. நம் தெரு வேம்புக்கு அந்த யோகம் இன்னும் வாய்க்கவில்லை.

குழு என்றால், சட்டத்திலேயே ஒரு குழு இருக்கிறது. கூட்டத்தில் அதன் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஊராட்சியிலிருந்து மாநகராட்சி வரை ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டுச் சட்டம். 2004இல் வந்த விதிகளில் தலைவரோடு ஆறு பேர் வரை என்று இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். குழுவின் முதல் வேலை வேலி போடுவதோ விளக்குப் போடுவதோ அல்ல. ஊரில் என்ன மரம், என்ன புல், எந்தப் பறவை எப்போது வருகிறது, எந்த இலை எந்த நோய்க்கு ஆகும் என்று ஊர்க்காரர்களிடமே கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுவது. சட்டம் வந்து பதினைந்து வருடமாகியும் நாட்டின் பெரும்பாலான ஊர்களில் அந்தக் குழு பிறக்கவில்லை. 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் கண்ணை உருட்டிய பிறகுதான் குழுக்களும் பதிவேடுகளும் மடமடவென்று முளைத்தன. அபராதத்துக்குப் பயந்து எழுதிய பதிவேட்டில் எத்தனை பறவை பறக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக எல்லாம் காகிதம் என்று தள்ளிவிடவும் முடியாது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி இருக்கிறதே. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ஏழு குன்றுகள். சமணர் படுகையும் தமிழி எழுத்தும் ஒரு பக்கம். பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் ஒரு பக்கம். பாறை இடுக்கில் வல்லூறு, கீழே புதரில் அழுங்கும் தேவாங்கும். சுமார் 250 வகைப் பறவைகள். இந்தக் குன்றுகளைக் கிரானைட்டுக்கு அறுத்துவிடாமல் ஊர்க்காரர்கள் தடுத்து நின்றது அறிவிப்பு வருவதற்குப் பல வருடம் முன்பே. பிறகு 2024 நவம்பரில் இதையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிற்று. கிராமசபைகளில் தீர்மானம், டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரை வரை சனம் திரண்டு நடந்த நடை. 2025 ஜனவரி 23இல் ஏலத்தை ரத்து செய்தார்கள்.

அரிட்டாபட்டியைப் பற்றியே இந்த வாரம் முழுக்க எழுதுவதாகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பொறியாளர் சொன்ன முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

இந்த மாதிரி நேரத்தில் எனக்கு மா. கிருஷ்ணன் ஞாபகம் வரும். (தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். அவர் பெயர் இங்கே வந்து சில வாரங்கள் ஆகின்றன. கொஞ்சம் இடைவெளி விடுங்கள் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதால்தான்.) ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912இல் பிறந்தவர். அவர் சிறுவனாக வளர்ந்த மயிலாப்பூரில் புதர்க்காடு இருந்தது, நரி இருந்தது, வெளிமான் இருந்தது. வீட்டில் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். இன்றைக்கு அந்தப் பக்கம் ராதாகிருஷ்ணன் சாலையில் சிக்னலுக்கு நிற்கிறவர்களிடம் இங்கே மான் மேய்ந்தது என்று சொல்லிப் பாருங்கள்.

கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1996 பிப்ரவரி 18இல் இறந்தார். கடைசிப் பத்தி அச்சாகி வந்ததும் அதே நாளில்தான். 46 வருடம்! புதன்கிழமை வந்தால் விஷயம் தேடி மோட்டுவளையைப் பார்க்கிற எனக்கு அதை நினைத்தாலே பெருமூச்சு வருகிறது. புலி, யானை பற்றியும் எழுதினார். யானையைத் தேடிக் காடுகாடாய் அலைந்து, தானே பாகங்களை இணைத்துக் கட்டிய கேமராவில் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர்தான். ஆனால் காக்கை, குயில், அணில், பல்லி என்று கொல்லைப்புறத்தில் திரிகிறவற்றுக்கும் புலிக்குக் கொடுத்த அதே மரியாதையைக் கொடுத்தார். படமும் அவரே வரைந்தார். தமிழிலும் எழுதினார், பெரியசாமித் தூரனின் கலைக்களஞ்சியத்தில் அவர் கட்டுரைகள் உண்டு. துப்பறியும் நாவல்கூட ஒன்று எழுதியிருக்கிறார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்தார். என் பிரதியை இரவல் வாங்கிப் போனவர் இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிப்பவர். அவருக்கே தெரியும்.

இந்திய வனவிலங்கு வாரியம், புலிகள் திட்டத்தின் வழிகாட்டுக் குழு என்று கிருஷ்ணனும் குழுக்களில் உட்கார்ந்தவர்தான். காட்டுக்குள் அயல்நாட்டு மரத்தைக் கொண்டுவந்து நடுவதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நிலத்துக்கு என்று என்ன முளைக்குமோ அது முளைக்கட்டும், அதை நம்பி என்ன வாழுமோ அது வாழட்டும் என்பது அவர் கட்சி. முள்ளும் அதில் சேர்த்தி.

முள்ளை நாம் எப்போது வெறுக்கத் தொடங்கினோம்? என் சந்தேகமெல்லாம் வரிக்கணக்கின் மேல். வெள்ளைக்காரன் காலத்து ரெவின்யூ கணக்கில் வரி தராத நிலம் தரிசு. ஆடுமாடு மேய்ந்தாலும், கௌதாரி முட்டையிட்டாலும், விறகு கிடைத்தாலும், சர்க்காருக்குக் காசு வராவிட்டால் அது சும்மா கிடக்கிற நிலம்தான். வெள்ளைக்காரன் போனான், கணக்கு போகவில்லை. மத்திய அரசு வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலம் இன்றைக்கும் ஒரு தரிசு வகை. தரிசு என்று எழுதிவிட்டால் அப்புறம் சோலார் தகடு பதிக்கலாம், தொழிற்பேட்டை கட்டலாம். மனது இளகினால் மரம் நடலாம்.

மரம் நடுவதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். மரம் இருந்த இடத்தில் நட்டால் ஒரு தப்பும் இல்லை. மியாவாக்கி ஜப்பான்காரர், அங்கே பெய்யும் மழை வேறு, அவர் மீட்டெடுக்க நினைத்த காடு வேறு. நம் திடலில் வெயில் தரையில் விழுந்தாக வேண்டும். வானம்பாடி தரையில் கூடு கட்டுகிறது. பக்கி இரவில் வெறுந்தரையில் உட்கார்ந்து பூச்சிக்குக் காத்திருக்கும்; ஹைமாஸ் விளக்கின் கீழே அதற்கு என்ன வேலை? குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து பறந்துவரும் பூனைப்பருந்து, பருந்தாய்ப் பிறந்தும் இரவில் தங்குவது மரத்தில் இல்லை, புல்தரையில். கிண்டியில் திறந்த புல்வெளியை மரமும் புதரும் மூட மூட வெளிமானுக்கு இடம் குறைந்தது. தூரம் பார்த்து ஓடித் தப்பிக்கிற பிராணிக்கு நிழல் எதற்கு? சீமைக் கருவேலம் புகுந்திருந்தால் வேரோடு பிடுங்குங்கள், நானே கடப்பாரை எடுத்து வருகிறேன். ஆவாரையும் காரையும் உங்களுக்கு என்ன செய்தன?

கூட்டம் முடிந்த மறுநாள் காலை திடலுக்குப் போனேன். உள்ளே கால் வைத்ததும் ஆள்காட்டி கத்த ஆரம்பித்துவிட்டது. ஒன்று தலைக்கு மேலே வட்டமடித்துத் திட்டுகிறது. இன்னொன்று சற்றுத் தள்ளித் தரையில் குடுகுடுவென்று ஓடுகிறது. ஆடு மேய்க்கிற ஓர் அம்மா கம்பை நீட்டி நிறுத்தினார். “அங்கிட்டுக் கால வச்சிராதீங்கய்யா. முட்ட வச்சிருக்கு.”

பார்த்தேன், தெரியவில்லை. குனிந்தேன், தெரியவில்லை. கம்பு நுனி காட்டிய இடத்திலேயே கண்ணை வைத்திருந்த பிறகு தெரிந்தது. கையகலப் பள்ளம். சுற்றிலும் பொடிக்கற்கள், நடுநடுவே காய்ந்த ஆட்டுப் புழுக்கை. உள்ளே நான்கு முட்டை, கூர்முனையெல்லாம் நடுவைப் பார்த்தபடி. மண்நிறத்தில் கறுப்புத் தீற்றல். கூடு என்று சொல்ல ஒரு துரும்புகூட இல்லை. இந்த வெயிலில் முட்டை வெந்துபோகாதா என்று கேட்டேன். “அது கம்மாயில வயித்த நனைச்சுட்டு வந்துல்ல உக்காரும்” என்றார். பறவை நூல்களிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். அந்த அம்மா எந்த நூலையும் பார்த்தவர் இல்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது.

பிறகு அவரே அங்கே இருப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சூரைப்பழம் எந்த மாதம் பழுக்கும். எந்தச் செடியை ஆடு தொடாது, எதைத் தின்றால் பால் கூடும். மேட்டுப் பக்கம் கௌதாரி, பள்ளத்துப் பக்கம் கீரி. மழைக்கு முன்னால் எந்தப் பூண்டு தலைகாட்டும். துத்தி எதற்கு, தும்பை எதற்கு என்பதெல்லாம் கொசுறு. சட்டம் எழுதச் சொல்லும் பதிவேடு ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் நடந்தது.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரண்டுவிடும் என்று தலைமுறையாகக் காத்துவருகிற வழக்கம். 1977இல் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்போடு வந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்கென்று செய்ததில் பெரும்பகுதி, ஒன்றும் செய்யாமல் இருந்தது.

பொறியாளருக்குப் போன் போட்டு முட்டையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். குஞ்சு பொரித்துப் போகும்வரை ஜேசிபி வராது என்றார். அந்த வார்த்தையைக் காப்பாற்றுவார். பேவர் பிளாக்கை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம், ஆனால் நடைபாதை இல்லாவிட்டால் உறுப்பினர்கள் சந்தா தர மாட்டார்கள் என்றும் சொன்னார். அது நிஜம். சந்தா இல்லாமல் எந்தக் குழுவும் ஓடாது. மண்பாதையே போதுமே என்றேன். யோசிப்பதாகச் சொன்னார்.

அடுத்ததாக அந்த அம்மாவைக் குழுவில் சேருங்கள் என்று கேட்டேன். எங்கள் குழு சட்டப்படியான குழு அல்ல. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்ற விதியை நாமும் வைத்துக்கொள்வதில் நஷ்டம் இல்லை, இப்போது ஒருவர்கூட இல்லை என்றேன். “தாராளமா சார், ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்க” என்றார். ஞாயிறு பத்து மணிக்கு அவர் ஆடுகளோடு திடலில் இருப்பார். கூட்டத்தை அங்கே வைக்கலாமே என்றால், உட்கார நிழல் இல்லையாம்.