பெட்ரோல் வாடைக்கு மல்லிகை வாசம் மருந்தாகுமா?

காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் பலரும் உடனே வாங்குவது, கண்ணாடியில் தொங்கவிடும் வாசனை அட்டையைத்தான். மல்லிகை இரண்டு நாள் மணக்கும். கசிவு இருந்தால் அது அப்படியே இருக்கும். வாடை என்பது ஓர் எச்சரிக்கை. இயற்கை எரிவாயுவுக்கு இயல்பில் அது கிடையாது. 1937இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் பள்ளியில் யாருக்கும் தெரியாமல் கசிந்த எரிவாயு வெடித்து, ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். அதன் பிறகே எரிவாயுவில் நாற்றப்பொருள் கலப்பதை அந்த மாநிலம் சட்டமாக்கியது. நம் சமையல் சிலிண்டரில் வரும் வாடையும் அப்படிச் சேர்த்ததுதான். அங்கே காசு செலவழித்துச் சேர்க்கும் எச்சரிக்கை, பெட்ரோலில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை ஏன் அமுக்க வேண்டும்?

“பங்க்கில் நாலு சொட்டு சிந்தியிருக்கும், இதற்கா இத்தனை பதற்றம்?” என்று கேட்கலாம். நியாயம்தான். வெளியே சிந்திய பெட்ரோல் சீக்கிரமே ஆவியாகிவிடும். ஆனால் டேங்க் நிரப்பும்போதெல்லாம் வாடை திரும்பி வந்தால் சங்கதி வேறு. பைப்பின் ரப்பர் வெடித்திருக்கலாம், மூடியின் வாஷர் தேய்ந்திருக்கலாம். பல சமயம் நாமே காரணம்: ‘ஆட்டோ கட்’ ஆன பிறகும், சில்லறைக்காக ரவுண்டாக்கச் சொல்லி இன்னும் கொஞ்சம் திணிக்கிறோம். டேங்க்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி நிரம்பிய கேனிஸ்டருக்குள் அந்தப் பெட்ரோல் திரவமாகவே போய் அதைக் கெடுத்துவிடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் அதில் உண்டு. ‘பழகிவிட்டது, இப்போது தெரிவதில்லை’ என்பது ஆறுதல் ஆகாது. மூக்கு ஓய்ந்துபோகிறது, அவ்வளவுதான்.

கசிவே இல்லை என்று மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகுதான் சுத்தம் செய்யும் வேலை. கேனிலிருந்து டீசல் கொட்டியிருந்தால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். அது லேசில் ஆவியாகாது, கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்சில் ஊறிக் கிடக்கும். மேலே தேய்த்துப் பயனில்லை. கார்ப்பெட்டைக் கழற்றி, பழைய துணியால் ஒற்றியெடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிட்டு, சமையல் சோடாவை ஓர் இரவு தூவி வைக்கலாம். சிந்தியது பெட்ரோல் என்றால் வாக்குவம் கிளீனர் பக்கமே போகக் கூடாது. அதன் மோட்டாரில் பொறி பறக்கும். நான்கு கதவுகளையும் திறந்துவைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.