அரசியல்வாதி நீதிபதியாகலாமா?

கட்சி அரசியலில் இருந்தவர் நீதிபதியாக நியமிக்கப்படும்போதெல்லாம், 'இவரிடம் நடுநிலையை எதிர்பார்க்க முடியுமா?' என்ற கேள்வி எழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், பழைய அரசியல் தொடர்பு ஒன்றை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? உயர் நீதிமன்றத்தில் பத்தாண்டு வழக்கறிஞராக இருந்தவரை நீதிபதியாக்கலாம் என்கிறது அரசமைப்பின் 217ஆவது பிரிவு. சட்டமன்றத்தில் இருந்தவருக்கு அதில் தடை இல்லை.

வி.ஆர். கிருஷ்ணய்யர் இதற்குச் சரியான உதாரணம். தலச்சேரியில் விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வாதாடிய வழக்கறிஞர் அவர். மலபார் சென்னை மாகாணத்தில் இருந்த 1952இல் சென்னை சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1957இல் கேரள சட்டமன்றத்துக்குக் கம்யூனிஸ்டுகளின் ஆதரவுடன் சுயேச்சையாக வென்று, நம்பூதிரிபாடு அமைச்சரவையில் சட்ட அமைச்சரானார். 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1973இல் இந்திரா காந்தியின் ஆட்சிக்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி.

நியமித்த அரசுக்கு அவர் கடன்பட்டவராக நடந்துகொண்டாரா? 1975 ஜூனில் இந்திராவின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு, விடுமுறைக்கால நீதிபதியாக இருந்த கிருஷ்ணய்யரிடம் வந்தது. சட்ட அமைச்சர் கோகலே தொலைபேசியில் சந்திக்க நேரம் கேட்டபோது, மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் போதும் என்று சொல்லிவிட்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஜூன் 24 அன்று அவர் முழுத் தடை வழங்கவில்லை. இந்திரா பிரதமராகத் தொடரலாம். ஆனால் மக்களவை உறுப்பினராக வாக்களிக்கவோ ஊதியம் பெறவோ கூடாது என்றார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது.

நீதிபதியாவதற்கு முந்தைய வாழ்க்கை அவருக்குப் பயன்பட்ட இடமும் உண்டு. மோதிராம் என்ற கொத்தனாருக்கு ஜாமீன் கொடுக்க 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார் மாஜிஸ்திரேட். பிணை நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் அதையும் ஏற்கவில்லை. 1978இல் கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலே விடுவிக்கலாம் என்று உத்தரவிட்டார். கூலிக்காரனிடம் பத்தாயிரம் கேட்பது ஜாமீன் மறுப்பதற்குச் சமம் என்பது, ஏழைகளின் வழக்குகளை நடத்தியவருக்குத் தெரியாதா?

ஆகவே, நியமனத்தின்போது ஒருவருடைய கட்சித் தொடர்பைக் கேள்வி கேளுங்கள், தவறில்லை. நாற்காலியில் அமர்ந்த பிறகு, அவருடைய தீர்ப்புகளைப் படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.