இயந்திரத்தைப் பிரிக்குமுன் உள்ளே நோக்குக

உழவு இயந்திரமோ நீரிறைக்கும் இயந்திரமோ கரும்புகை கக்கினால், வலுக் குறைந்தால், உடனே எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றும் வழக்கம் கமக்காரரிடையே இன்னும் நீங்கவில்லை. இவ்வழக்கம் கைவிடத்தக்கது.

தலைப்பகுதியைக் கழற்றினால் காஸ்கெட்டைப் புதிதாக இடவேண்டும். திறந்து கிடக்கும் எஞ்சினுள் தூசியும் புகும். பழுது வேறிடத்தில் இருந்ததெனிற் பணமும் வீண், நாளும் வீண். பெரும்போக உழவில் ஒரு கிழமை தவறினால் விதைப்பும் பிந்தும்.

வளையும் நோக்குகுழாய் இந்நட்டத்தைத் தவிர்க்க உதவும். நுண்ணிய கண்ணாடி இழைகளின் கட்டினூடாக உருவத்தைக் கொண்டுசெல்லும் முறையை இலண்டனில் ஹொப்கின்ஸ், கபானி என்போர் 1954இல் வெளியிட்டனர். வைத்தியர்கள் இரைப்பையினுள் நோக்க அம்முறை பயன்பட்டது. இன்றைய மலிவான குழாய்களில் இழைகளுக்குப் பதிலாக நுனியிற் சிறு கமராவும் விளக்கும் உள்ளன. படம் கைத்தொலைபேசியில் தெரியும். சுமார் 5.5 மில்லிமீற்றர் தடிப்புள்ளவை கடைகளிற் கிடைக்கின்றன.

எஞ்சின் நன்கு ஆறியபின், சுற்றுப்புறத்தைத் துடைத்து, டீசல் எஞ்சினாயின் இன்ஜெக்டரையும், பெற்றோல் எஞ்சினாயின் பிளக்கையும் கழற்றி, அத்துவாரத்தினூடாகக் குழாயைச் செலுத்தலாம். பிஸ்டன் கீழே இறங்கியிருத்தல் வேண்டும். குழாய் உள்ளிருக்கையில் எஞ்சினைச் சுழற்றலாகாது. முன்னெரியறை உள்ள டீசல் எஞ்சின்களில் இவ்வழி குறுகலாதலாற் குழாய் செல்லாதிருக்கலாம்.

சிலிண்டர்ச் சுவரில் ஆழ்ந்த நெடுங்கீறல்கள் காணப்படின், காற்று வடிகட்டியைக் கடந்து தூசி புகுந்ததோவென ஆராய்க. பிஸ்டனின் தலை கழுவியதுபோல் மிகத் துப்புரவாயிருப்பின் நீர்க்கசிவை ஐயுறுக. எண்ணெய் ஈரம் மிகுந்திருப்பின் பிஸ்டன் வளையங்களையும் வால்வுகளையும் சோதிக்க.

தேர்ந்த மெக்கானிக்கின் காதே போதுமென்பாரும் உளர். காது பழுதுண்டென உணர்த்தும். பழுதின் தன்மையைக் கண்ணே உறுதிசெய்யும். ஆயினும் இக்கருவி சிறு கீறலையும் பெரிதாகக் காட்டும், தேய்மானத்தை அளக்கமாட்டாது. ஆதலால் அமுக்கமானியாலும் சோதித்த பின்னரே பிரிப்பதா இல்லையா என முடிவுசெய்தல் முறை. வடிகட்டிகளையும் எரிபொருட் குழாய்களையும் முதலிற் பார்ப்பது அதனினும் முந்திய கடமை.

ஒவ்வொருவரும் இதனை வாங்கவேண்டியதில்லை. கமக்காரர் அமைப்பு ஒன்றுக்கு ஒரு கருவியும், அதனைக் கையாளப் பழகிய ஒருவரும் போதும். அறுவடை முடிந்த ஓய்வுக் காலமே சோதனைக்கு ஏற்றது. எஞ்சினைப் பிரிக்கவேண்டுமெனக் கூறுவோரிடம், அதற்குரிய காரணத்தைப் படத்திற் காட்டுமாறு கேட்பது இயந்திர உரிமையாளரின் உரிமையாகும்.