ஒன்பதில் ஒருவர்

2017-ல் தமிழ்நாடு முழுக்க டெங்கு பயம். ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு என்று எங்கு பார்த்தாலும் அண்டா வைத்து நிலவேம்புக் குடிநீர் ஊற்றினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு நீங்களும் ஒரு டம்ளர் உள்ளே தள்ளியிருப்பீர்கள்.

அதில் இருப்பது நிலவேம்பு மட்டுமில்லை சார். மொத்தம் 9 சரக்கு. பேர் வாங்கியது என்னவோ ஒன்று! செக்‌ஷனே உட்கார்ந்து முடித்த ஃபைலில் மேனேஜர் மட்டும் கையெழுத்துப் போட்டு சபாஷ் வாங்குவாரே, அதே கதைதான். பேர் கிடைக்காத எட்டில் ஒன்று கோரைக்கிழங்கு.

கோரை பார்க்கத்தான் புல். தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள், உருளாது, மூன்று பட்டை. ஈர வயல், வாய்க்கால் ஓரம் எல்லாம் அதன் ராஜ்யம். பாய் முடைகிற கோரை இதற்குப் பங்காளி.

விவசாயியிடம் இதன் பேரைச் சொன்னால் திட்டுவார். பிடுங்கினால் தலை மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் சிரிக்கும். உழுதாலோ சரம் அறுந்து ஒன்று பத்தாகும். 1977-ல் வெளியான உலக மகா களைகள் பட்டியலில் முதலிடமே இதற்குத்தான்.

பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், வயலில் நஷ்டக் கணக்கு; நாட்டு மருந்துக் கடையில் அதே ஐட்டம் வரவுக் கணக்கு! காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அஜீரணம் எல்லாவற்றுக்கும் சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் காலங்காலமாக இதைத்தான் கூப்பிடுகின்றன. குளியல் பொடியில் வாசனைக்கும் இவரே. சூடானில் பழங்கால எலும்புக்கூடுகளின் பல் காரையைச் சுரண்டி ஆராய்ந்தவர்கள், அவர்கள் இதைத் தின்றிருக்கிறார்கள் என்று 2014-ல் சொன்னார்கள். பல் சொத்தை குறைவாக இருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாமாம்.

இவ்வளவு புகழ்ந்தாச்சு. இனி கொஞ்சம் சீரியஸ்.

என் ரூம் நண்பன் மூன்று நாள் காய்ச்சலைக் கஷாயத்தாலேயே ஓட்டினான். நாலாம் நாள், “விட்டுடுச்சுடா, லீவு மிச்சம். நாளைக்கு ஆபீஸ் போறேன்”னான். பல் ஈறில் ரத்தம்! ஆட்டோ பிடித்துத் தூக்கிப் போனேன். ஆறு நாள் டிரிப்ஸ் ஏறியது.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்டம். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு என்றால் ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது.

கஷாயம் குடியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. குடித்த கையோடு ரத்தப் பரிசோதனைக்கும் போங்கள். பாவம் கோரைக்கிழங்கு, ஒன்பதில் ஒருவராக அடக்கமாக வேலை பார்க்கிறது. டாக்டர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்று அது என்றைக்குச் சொன்னது? நாம்தான் சொல்கிறோம்.