விமானம் மோதியது ஆங்கிலம் தெரியாததால் மட்டுமா?

கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

சிதம்பரத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் மையம் அச்சடித்த நோட்டீஸை நம் குடும்பக் குழுவில் மூன்று பேர் போட்டிருக்கிறீர்கள். விமானிக்கு ஆங்கிலம் தெரியாததால் 349 பேர் செத்தார்களாம், அதனால் பிள்ளையை உடனே சேர்க்க வேண்டுமாம். பெயரைச் சொல்லி அவர்களுக்கு இலவச விளம்பரம் தர மாட்டேன். ஆனால் செத்தவர்களை வைத்து அட்மிஷன் பிடிப்பதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

நடந்தது 1996 நவம்பர் 12, மாலை. டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதி விமானத்தில் 312 பேர். டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் விமானத்தில் 37 பேர். ஏறுகிறவருக்கு 14,000 அடி, இறங்குகிறவருக்கு 15,000 அடி என்று கட்டுப்பாட்டு அறை சொன்னது. நடுவில் 1,000 அடி. நம் சிதம்பரம் கோபுரத்தைப் போல ஏழு கோபுரத்தை அடுக்கினால் வரும் உயரம், அவ்வளவுதான். கஜகஸ்தான் விமானம் 15,000ஐ எட்டிவிட்டதாக அறிவித்தபோது உண்மையில் அதற்கும் கீழே வந்திருந்தது, இன்னும் இறங்கிக்கொண்டும் இருந்தது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரண்டும் மோதின. ஒருவரும் பிழைக்கவில்லை.

நீதிபதி லகோத்தி விசாரித்தார். அந்த விமானக் குழுவின் ஆங்கிலம் போதாது என்பதும் அதில் வந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் நோட்டீஸ்காரர் விட்டதைக் கேளுங்கள். அந்த விமானத்தில் தரையோடு பேசியவர் விமானி அல்ல, தனியாக ஒரு ரேடியோ ஆபரேட்டர். அவர் முன்னால் உயரம் காட்டும் கருவியே கிடையாது, விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்க வேண்டும். எண் சரியாகவே சொல்லப்பட்டது, ஒப்புக்கொள்ளவும் பட்டது. கையில் விமானம் இருந்தவர்தான் அந்த எண்ணில் நிற்கவில்லை. கடைசி நொடிகளில் உயரம் தப்பு என்று கண்டு சொன்னதும் அதே ரேடியோ ஆபரேட்டர்தான்! போதாக்குறைக்கு அவர்கள் மீட்டரில் பழகியவர்கள், இங்கே அடிக்கணக்கு.

டெல்லியில் அன்றிருந்த ரேடார் விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும், எந்த உயரத்தில் என்று காட்டாது. வருகிறவருக்கும் போகிறவருக்கும் ஒரே பாதை. எதிரே விமானம் வந்தால் எச்சரிக்கும் கருவி இரண்டிலும் இல்லை. விபத்துக்குப் பிறகு அரசு மாற்றியது இவற்றைத்தான்: புது ரேடார், தனித்தனிப் பாதை, எச்சரிக்கைக் கருவி கட்டாயம்.

சரி, ஆங்கிலம் தெரிந்தவர்கள் தப்பித்தார்களா? 1974 டிசம்பர் 4, கொழும்புக்கு இறங்கிய டச்சு விமானம், தான் எங்கே இருக்கிறோம் என்பதைத் தப்பாகக் கணித்து மஸ்கெலியாவின் சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேர். பெரும்பாலோர் ஹஜ்ஜுக்குப் போன இந்தோனேசியர்கள். 1990 பிப்ரவரி 14, பெங்களூரில் நம் இந்தியன் ஏர்லைன்ஸ்: நிமிடத்துக்கு 700 அடி இறங்க வேண்டும் என்பதற்குப் பதிலாக, வேறு குமிழைத் திருகி உயரத்தையே 700 அடி என்று வைத்திருக்கலாம் என்றது விசாரணை. 92 பேர். இருவருக்கும் ஆங்கிலம் தெரியாதா என்ன?

2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த விமானம், இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் ஓடுதளத்தை நெருங்குகிறது. வழியில் வெகுநேரம் தூங்கிய கேப்டன் இறக்கியே தீர்வேன் என்கிறார். துணை விமானி மேலே எழுப்பச் சொன்னார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. ஆங்கிலத்தில்தான் சொன்னார்! கேப்டன் கேட்கவில்லை. 158 பேர் போனார்கள், 8 பேர் பிழைத்தார்கள்.

இதற்கு எந்த மையத்தில் கோச்சிங்? பெரியவர் தப்பு செய்தால் "சார், தப்பு" என்று சொல்லும் பிள்ளையை நாம் என்ன செய்கிறோம்? "வாயாடி" என்கிறோம். கடலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் நான் பார்த்தவரை, கரும்பலகைக் கணக்கில் தப்பைக் கண்டுபிடித்த பிள்ளைகள் தமிழில்தான் கண்டுபிடித்தார்கள். அவர்களில் பலர் இதைப் படிக்கிறீர்கள்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிடாதீர்கள். விமானம் ஓட்டப் போகிறவன் கட்டாயம் படிக்கட்டும். ஆறாம் வகுப்பில் தமிழில் நன்றாகப் படிக்கும் பெண்ணை, செத்த 349 பேரைக் காட்டி மிரட்டி வேறு பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். யார் பெண் என்று அந்த வீட்டாருக்குத் தெரியும். பணம் கட்டுமுன் அந்த மையத்துக்காரரிடம், ரேடியோ ஆபரேட்டர் முன்னால் உயரமானி இருந்ததா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை எனக்கும் சொல்லுங்கள்.