மாநாட்டுக்கு ஏற்ற இடம்

கூட்டுறவு வாரம் ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை நாடெங்கும் கொண்டாடப்பெறுகிறது. அதையொட்டி நம் மாவட்டத்து நெசவாளரும் விவசாயிகளும் ஒருங்கே கூடும் மாநாட்டை எங்கே நடத்துவது என்ற பேச்சு எழும்போதெல்லாம், “ஒகேனக்கல்லில் வைத்துக்கொள்ளலாமே” என்று கூறும் அன்பர்கள் உண்டு. ஆசை நியாயமானதே. ஆண்டு முழுவதும் தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பவரும், கேழ்வரகுக் கொல்லையில் குனிந்த முதுகு நிமிராதவரும், ஒரு நாளேனும் காவிரி பாறைமேல் விழுந்து புகையாய் எழும்புவதைக் கண்குளிரக் காணக் கூடாதா?

காணட்டும். ஆனால் மாநாடு உல்லாசப் பிரயாணம் அன்று. நூல் விலை, நெசவுக் கூலி, பயிர்க் கடன் ஆகியவை பற்றி அங்கே தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. கை தூக்குவோர் வந்தவர் மட்டுமே. தீர்மானமோ வராதவர் பெயராலும் சர்க்காருக்குப் போகிறது. எனவே, இடத்தை நிர்ணயிக்கும்போதே யாருடைய குரல் கேட்கும் என்பதையும் நாம் நிர்ணயித்துவிடுகிறோம்.

1965இல் தோன்றிய நம் மாவட்டம், 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தபின் சுருங்கிவிட்டது உண்மையே. ஆயினும் அரூர்ப் பக்கத்து அங்கத்தினர் ஒருவர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடந்து தருமபுரி சேர்ந்து, பஸ் மாறி, மேலும் 46 கிலோமீட்டர் சென்றால்தான் ஒகேனக்கல்லை அடையலாம். பென்னாகரத்துக்கு அப்பால் பாதை காட்டினூடே வளைந்து வளைந்து இறங்குகிறது. யானைகள் குறுக்கிடும் பாதை அது. காரில் வரும் தலைவர்களுக்கு இது இன்பமான வழி. கைக்குழந்தையுடன் வரும் நெசவாளப் பெண்ணுக்கோ பொழுது சாயும் முன் திரும்ப வேண்டுமே என்ற கவலையிலேயே பாதி நாள் கழிந்துவிடும். பட்டுப்புழு வளர்ப்போர் சங்கடம் தனி. ஐந்தாம் பருவத்துப் புழுவுக்கு வேளை தவறாமல் தழையிட வேண்டும். இரவு தங்கல் என்றால் அவர் வரவே மாட்டார்.

பருவத்தையும் நோக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் கபினியும் கிருஷ்ணராஜசாகரமும் நிரம்பி நீர் திறக்கப்படுமானால், ஒகேனக்கல்லில் குளிப்பதற்கும் பரிசல் இயக்குவதற்கும் தடை வந்துவிடும். ஆடிப்பெருக்கிலோ கூட்டம் சொல்லி முடியாது. அருவி அருகே பந்தல் போட்டால் பேச்சாளர் குரல் இரைச்சலில் அமிழ்ந்துபோகும் (சிலர் விஷயத்தில் அது நன்மையே). எண்ணெய்த் தேய்ப்புக்கும் மீன் குழம்புக்கும் பேர்போன இடமாதலால், பிற்பகல் அமர்வில் நாற்காலிகள் மட்டுமே மிஞ்சும் என்பதும் நமது அச்சம்.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடையை நம் இயக்கத்தார் அனைவரும் அறிவர். அவர்களுள் நெசவாளர் பலர் இருந்தனர். அக்கடைக்கு அவர்கள் பிடித்தது தங்கள் ஊர்ச் சந்து ஒன்றில் ஒரு பண்டகசாலையின் கீழ்த்தளம். அழகிய இடமென்று அதை எவரும் சொல்லியிரார். எனினும் அங்கத்தினர் நடந்து வரக்கூடிய இடம்.

மாநாட்டைப் பென்னாகரத்தில் நடத்தலாம் என்பது நமது கருத்து. காலை பத்தரைக்குத் தொடங்கி மதிய உணவுக்குள் தீர்மானங்களை முடித்துவிட்டால், விரும்புவோர் எஞ்சிய 16 கிலோமீட்டரைக் கடந்து அருவியைக் கண்டு, இருட்டுமுன் திரும்பலாம். மண்டபம் கீழ்த்தளத்திலேயே இருத்தல் வேண்டும். பல ஆண்டு தறி மிதித்த முழங்கால்கள் மாடிப்படி ஏறா. சக்கர நாற்காலி செல்லச் சாய்வுப் பாதையும், பெண்களுக்குத் தண்ணீர் வசதியுள்ள கழிப்பிடமும் உண்டா என்று முன்பணம் கொடுக்குமுன் நேரில் சென்று பார்க்க வேண்டும். பொதுக் கட்டிடங்கள் மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் புழங்கத்தக்கனவாக இருத்தல் வேண்டுமென 2016ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. குடிநீருக்குக் குறைவிராது, 2013இல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் காவிரியே நம்மைத் தேடி வந்துவிட்டாள்.

இன்னொன்று: அழைப்பிதழில் தலைமை வகிப்போர், முன்னிலை வகிப்போர் பெயர்களுக்கெல்லாம் மேலாக, அரூர், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய ஊர்களுக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடுமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.